கண்ணுக்குக் கீழ் பூசும் கிறீம்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

கலியாண வீடு, அரங்கேற்றம், சங்கத்தின் ஒன்றுகூடல் என்று எங்கே போனாலும், வைத்தியர் என்று தெரிந்தவுடன் சாப்பாட்டு மேசையிலேயே கேள்விகள் தொடங்கிவிடும். பிறஷர், சலரோகம், முழங்கால் நோ எல்லாம் உரத்த குரலில் வரும். ஒரு கேள்வி மட்டும் பக்கத்தில் உள்ளவருக்குக் கேட்காதபடி மெதுவாக வரும். "தம்பி, கண்ணுக்குக் கீழை இருக்கிற இந்தக் கறுப்புக்கு ஒரு நல்ல கிறீம் சொல்லுங்கோவன்."

நெடுங்காலமாக இதற்கு என்னுடைய பதில் ஒரு சிரிப்பும், "நல்லாய் நித்திரை கொள்ளுங்கோ அக்கா" என்பதும்தான். 1990களின் கடைசியில் அகதியாக லண்டன் வந்து, பகலில் பிளாப் பரீட்சைக்குப் படித்து, இரவில் பெற்றோல் நிலையத்தில் நின்ற காலத்தில் எனக்கும் கண்ணைச் சுற்றிக் கறுப்புத்தான். என்னுடன் அறையில் இருந்த எல்லோருக்கும் அப்படித்தான். இதெல்லாம் ஒரு வருத்தமா என்ற எண்ணம் அந்த நாட்களிலேயே மனதில் ஊறிவிட்டது போலும்.

அந்தப் பதில் பிழை என்று எனக்கு உணர்த்தியவர் ஓர் அக்கா. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியுள்ளேன்.) ஒரு விழாவில் என்னிடம் கேட்டு, மேற்சொன்ன பதிலை வாங்கிக்கொண்டு போனார். பிறகு ஊரிலிருந்து வந்த உறவினர் மூலம் ஒரு சிறிய ரியூப் கிடைத்தது. பூசிய இரண்டு கிழமையில் தோல் வெளுத்து மினுமினுத்தது. நிறுத்தினால் சிவந்து எரிந்தது. மீண்டும் பூசினால் அடங்கியது. இப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் போயிற்று. வாசிக்கும் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண்ணின் உள் அழுத்தத்தை அளந்த ஒப்ரிசியன், அன்றே வைத்தியசாலைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய அழுத்தம் அவருக்கு 30ஐத் தாண்டியிருந்தது. ஒரு கண்ணின் பக்கப் பார்வையில் ஒரு பகுதி ஏற்கெனவே போய்விட்டது. அந்த ரியூப்பில் இருந்தது ஸ்ரீரொயிட்.

ஸ்ரீரொயிட் நல்ல மருந்து. எக்சிமாவுக்கு நானே எழுதிக் கொடுப்பேன். ஆனால் கண்மடலின் தோல் எங்கள் உடம்பிலேயே மிக மெல்லியது, ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்புத்தான். அதில் பூசும் மருந்து மற்ற இடங்களைவிட இலகுவாக உள்ளே போகும், கண்ணுக்குள்ளும் சேரும். நாட்கணக்கில் வைத்தியர் சொன்னபடி பூசுவது வேறு, மாதக்கணக்கில் தானாகப் பூசுவது வேறு. நாட்பட்டால் தோல் மேலும் மெலியும், கண்ணில் அழுத்தம் கூடும், கற்றறாக் எனப்படும் கண்புரை வளரும். கண் அழுத்தம் கூடுவது பெரும்பாலும் நோவாது. குளுக்கோமாவினால் போன பார்வை எந்தச் சிகிச்சையாலும் திரும்பாது. ஆகவேதான் கிறீம் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதுகிறேன்.

கிறீம் வாங்குவதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பகல் வெளிச்சத்தில் யன்னலுக்கு நேரே கண்ணாடியுடன் நின்று, கண்ணுக்குக் கீழுள்ள தோலை விரலால் மெல்லப் பக்கவாட்டில் இழுங்கள். மண்ணிறம் அப்படியே தோலுடன் சேர்ந்து நகர்ந்தால் அது நிறமி. இழுக்கும்போது நீலமோ ஊதாவோ கூடித் தெரிந்தால், மெல்லிய தோலுக்கு அடியில் தெரியும் இரத்தக் குழாய்கள். தோலை இழுத்தவுடனோ முகத்தை வெளிச்சத்துக்கு உயர்த்தியவுடனோ கறுப்புக் குறைந்தால் அது வெறும் நிழல். வயது போகக் கண்ணுக்குக் கீழ் விழும் பள்ளத்தின் நிழல். நிழலுக்கு எந்தக் கிறீமும் வேலை செய்யாது. 60 பவுண் கொடுத்தாலும் செய்யாது.

எங்கள் ஆட்களில் மிகக் கூடுதலாகக் காண்பது முதலாவது வகை. அம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் இருந்தால் உங்களுக்கும் இருக்கும். அது நோயல்ல. ஆனால் பனிக்காலத்தில் தோல் காய்ந்து, கோடை தொடங்கும்போது மகரந்த ஒவ்வாமையால் கண் கடித்து, ஓயாமல் தேய்த்துத் தேய்த்து அதைக் கறுப்பாக்குபவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குக் கிறீமைவிட ஒவ்வாமைக் குளிசையும் கண் சொட்டு மருந்தும்தான் பயன் தரும்.

சில வேளைகளில் கண்ணைச் சுற்றித் தெரிவது உள்ளே இருக்கும் வருத்தத்தின் அடையாளம். காலையில் இரு கண்மடலும் வீங்கி, காலும் வீங்கி, சிறுநீர் நுரைத்தால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். முகம் ஊதி, களைப்பும் மலச்சிக்கலும் குளிர் தாங்காமையும் இருந்தால் தைரொயிட்டைப் பார்க்க வேண்டும். கண்மடலில் மஞ்சள் படிவு வந்தால் கொலஸ்திரோல். கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் கக்கத்திலும் தோல் தடித்துக் கறுத்தால் சலரோகப் பரிசோதனை செய்யுங்கள். பிறஷருக்கு ரமிப்ரில் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கு கண்மடல் திடீரென வீங்கினால் அந்தக் குளிசையே காரணமாக இருக்கலாம். உதடோ நாக்கோ சேர்ந்து வீங்கினால் 999க்கு அடியுங்கள். ஒரு கண் மட்டும் சிவந்து வீங்கி, நோவும் காய்ச்சலும் வந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் கடைக்குப் போகலாம். பெட்டியின் முன்பக்கத்தை வாசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். "தோல் நிபுணர்களால் பரிசோதிக்கப்பட்டது", "ஒவ்வாமை குறைந்தது" போன்ற சொற்கள் அங்கேதான் இருக்கும். பரிசோதித்தார்கள் என்றால் பரிசோதித்தார்கள், அவ்வளவுதான். பரிசோதனையில் என்ன கண்டார்கள் என்று பெட்டியில் இராது. பின்பக்கத்தைத் திருப்புங்கள். இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் வேல்சிலும் சட்டப்படி விற்கும் அழகுசாதனப் பொருளில் பொறுப்பாளரின் பெயரும் பிரித்தானிய முகவரியும், தொகுதி இலக்கமும், உள்ளடக்கப் பட்டியலும் இருக்க வேண்டும். பட்டியல் இல்லாத ரியூப்பை எவ்வளவு வேண்டியவர் தந்தாலும் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம்.

பட்டியலில் கூடுதலாக உள்ளது முதலிலும், குறைவானது பின்னாலும் வரும். அனேகமாக 'அக்குவா', அதாவது தண்ணீர், முதலாவதாக நிற்கும். நூற்றுக்கு ஒன்றுக்குக் குறைவானவற்றை எந்த ஒழுங்கிலும் எழுதலாம். ஆகவே விளம்பரத்தில் பெரிதாகச் சொன்ன பொருள் கடைசி வரியில் நின்றால், அதில் ஒரு துளிதான் இருக்கும். 'பார்ஃபம்' என்று இருந்தால் வாசனை சேர்த்திருக்கிறார்கள், கண்ணுக்கு வேண்டாம். குளோபெட்டசோல், பெட்டாமெதசோன், மொமெட்டசோன் என்பன ஸ்ரீரொயிட்டுகள். ஹைட்ரோகுவினோன் என்ற வெளுப்பாக்கியை இங்கே வைத்தியரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஊர் மருந்துக்கடைகளில் இவை மூன்றும் நாலும் சேர்ந்த கிறீம்கள் கேட்டவுடன் கிடைக்கின்றன, அதுதான் கரைச்சல்.

வெள்ளையாக்கும் கிறீம்களில் பாதரசம் வேறு இருக்கிறது. 2013இல் உருவான மினமாட்டா சர்வதேச உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. அழகுசாதனப் பொருட்களில் பாதரசம் சேர்ப்பதை 2025உடன் முற்றாக நிறுத்துவது என்று 2023இல் அதன் நாடுகள் முடிவெடுத்தன. இருந்தும் சில்லறைக் கடைகளிலும் இணையத்திலும் இவை கிடைக்கத்தான் செய்கின்றன. கலோமெல், மேர்க்கியூரி என்ற சொற்களைப் பாருங்கள். பொன், வெள்ளி நகையில் படவிடாதீர்கள் என்ற எச்சரிக்கை இருந்தாலும் சந்தேகப்படுங்கள். பாதரசம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். சிறுநீரகம் பழுதானால் கண்மடல் வீங்கும். வீங்கின கண்ணுக்கு இன்னொரு கிறீம் வாங்குவோம்!

சரி, எது வேலை செய்யும்? நிறமிக் கறுப்புக்கு நான் முதலில் சொல்வது சன் கிறீம். இந்த மழை நாட்டில் எதற்கு என்று கேட்பீர்கள். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையாவது பூசுங்கள். கார் ஓட்டுவோர், வெளி வேலை செய்வோர் கட்டாயம். காப்பு எண் 30க்குக் குறையாமல், சிங்க் ஒக்சைட் அல்லது ரைற்றேனியம் டையொக்சைட் உள்ளது கண்ணை எரிப்பது குறைவு. அயன் ஒக்சைட் சேர்ந்த, தோல் நிறமுள்ள வகை எங்கள் நிறத்துக்கு இன்னும் நல்லது, ஏனெனில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் எங்கள் தோலைக் கறுப்பாக்கும். நியாசினமைட் உள்ள கிறீம் நிறத்தைச் சற்றுக் குறைக்கலாம். கஃபீன் வீக்கத்தைச் சில மணி நேரம் வற்றச் செய்யும்; ஃபிறிட்ஜில் வைத்த கரண்டியும் ஏறத்தாழ அதையே செய்யும். மெல்லிய சுருக்கங்களுக்கு ரெட்டினோல் ஓரளவு உதவும். நூற்றுக்கு 0.1 போன்ற குறைந்த அளவில், கிழமைக்கு இரண்டு இரவு என்று தொடங்குங்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைக்கு முயற்சிப்பவர்களும் ரெட்டினோலைத் தொட வேண்டாம். எதுவானாலும் மூன்று மாதம் பூசாமல் பலனைப் பற்றிப் பேச முடியாது.

தோல் காய்வது மட்டும்தான் பிரச்சினை என்றால் தனியான கண் கிறீம் தேவையே இல்லை. வாசனையில்லாத சாதாரண முகக் கிறீம் போதும். சிறிய டப்பாவில் அடைத்து மூன்று மடங்கு விலைக்கு விற்பது பெரும்பாலும் அதைத்தான். விரல் விட்டு எடுக்கும் டப்பாவைவிட ரியூப் அல்லது பம்ப் நல்லது. மூடி திறந்த டப்பாவின் படத்துக்குள் 6 அல்லது 12 என்று இருந்தால், திறந்து அத்தனை மாதத்தில் எறிந்துவிட வேண்டும்.

புதிதாக வாங்கியதை முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் காலையும் மாலையும் ஒரு கிழமை பூசிப் பாருங்கள். கடி, சிவப்பு இல்லையென்றால் கண்ணுக்குப் போகலாம். ஒரு கண்ணுக்கு ஒரு பயறளவு போதும். கண்குழியின் எலும்பு தட்டுப்படும் இடத்தில் மோதிர விரலால் ஒற்றிவிடுங்கள். இமை மயிர் ஓரத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்; அது தானாகவே கொஞ்சம் நகர்ந்து போகும்.

கண்மடல் கடித்து உரியும்போது எல்லோரும் கிறீமைத்தான் குற்றம் சாட்டுவார்கள். தலைமயிர்ச் சாயத்தையும் நகப்பூச்சையும் மறந்துவிடுவார்கள். கையில் ஒன்றும் செய்யாத நகப்பூச்சு, அதே விரலால் கண்ணைத் தொடும்போது மெல்லிய மடலில் ஒவ்வாமையைக் கிளப்பும். சாயம் பூசி ஒன்று இரண்டு நாளில் கண் வீங்கியதென்றால் அடுத்த முறை அந்தச் சாயம் வேண்டாம். இமை மயிர் வளரப் பூசும் திரவங்களிலும் கவனம். குளுக்கோமா சொட்டு மருந்தான பிமற்றோபுரொஸ்ற்றின் இமை மயிரை வளர்ப்பதைக் கண்டு, 2008இல் அமெரிக்கா அதற்கும் அனுமதி கொடுத்தது. அந்த வகைப் பொருள் கண்ணைச் சுற்றியுள்ள தோலைக் கறுப்பாக்கவும் செய்யும். இன்னுமொன்று: பிள்ளைகளுக்கு மையிடுவோர், சுர்மா என்று விற்கும் கல் மையை வாங்க வேண்டாம். அதில் ஈயம் இருக்கக்கூடும். ஈயம் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும்.

இதை வாசிக்கும்போதே வீட்டில் உள்ள ரியூப் நினைவுக்கு வருகிறவர்கள் பயப்பட வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். நெடுநாள் பூசியதைத் திடீரென நிறுத்தினால் தோல் சிவந்து எரியும். ஆகவே ரியூப்பையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஜீ.பீ.யிடம் போங்கள், நிறுத்தும் முறையை அவர் சொல்வார். மருந்துக்கடையில் உள்ள மருந்தாளரிடம் காட்டினாலும் ஸ்ரீரொயிட்டா இல்லையா என்று பெயரைப் பார்த்துச் சொல்வார். கண் அழுத்தத்தையும் அளந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் 60 வயதைக் கடந்தவர்களுக்கும், சலரோகம் உள்ளவர்களுக்கும், 40 வயதுக்கு மேற்பட்டு தாய், தகப்பன், சகோதரம் அல்லது பிள்ளைக்குக் குளுக்கோமா உள்ளவர்களுக்கும் கண் பரிசோதனை இலவசம்.

அந்த அக்கா இப்போது காலையில் சன் கிறீமும் இரவில் ஒரு சாதாரண முகக் கிறீமும் பூசுகிறார். கண் அழுத்தம் இறங்கிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கண் பிரிவுக்குப் போய் வருகிறார். கண்ணுக்குக் கீழ் கறுப்பு அப்படியேதான் இருக்கிறது. கார் ஓட்டுவதை மட்டும் விட்டுவிட்டார்.