பொருநையைத் தேடிச் செல்வார்க்கு

கோடை விடுமுறை வந்துவிட்டால், பெருநகரங்களில் வாழும் குடும்பத்தார் காரிலும் வேனிலும் ஏறி ஆறுகளையும் அருவிகளையும் நாடிப் புறப்படுவது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பில் குழாய் நீருக்கும் லாரி நீருக்கும் காத்திருந்து காலம் கழிப்பவர்க்கு, ஓடுகின்ற நீரைக் கண்ணாற் காண்பதே ஒரு பெரும் பேறு. இவ்வாறு செல்வோரைப் பார்த்து, “உல்லாசப் பயணத்திற்கு யாத்திரை என்று பெயர் சூட்டிக் கொள்கிறார்கள்” என்று நகைப்பாரும் உண்டு. அவ்வளவு கடிந்துரைக்க வேண்டுவதில்லை. மகாபாரதத்து வனபர்வத்தில், அர்ச்சுனன் அஸ்திரம் பெறும் பொருட்டுத் தேவலோகம் சென்றிருந்த காலத்தில், மற்றைப் பாண்டவர்கள் காம்யக வனத்தில் மனம் பொருந்தாமல் தவித்தனர். இவ்விடம் இனி வேண்டா, வேறிடம் சொல்லுக என்று தருமபுத்திரர் தௌம்ய முனிவரை வேண்டினார். அதற்கு விடையாகத்தான் முனிவர் நாற்றிசையிலும் உள்ள தீர்த்தங்களை எடுத்துரைத்தார். ஆகவே இருக்கும் இடத்தில் மனம் சலித்துத் தீர்த்தத்தைத் தேடிப் போவது நேற்று முளைத்த பழக்கமன்று.

அப்பட்டியலில் தென்திசைக்கு வரும்போது தௌம்யர் தாமிரபரணியைத் தனியே குறித்து, பெருமையை விரும்பிய தேவர்கள் தவம் இயற்றிய இடம் என்கிறார். பொருநை என்று பழந்தமிழ் கூறுவதும் இவ்வாற்றையே. வால்மீகி பகவான் கிஷ்கிந்தா காண்டத்தில், தென்திசை செல்லும் வானரர்களுக்குச் சுக்கிரீவன் வழி சொல்லும் இடத்தில் இதனை வருணித்துள்ளார். அகஸ்தியரைத் தரிசித்து, அவருடைய அனுமதி பெற்று, முதலைகள் நிறைந்த இம்மகாநதியைக் கடக்க வேண்டும் என்பது சுக்கிரீவன் சொல். சந்தன மரச் சோலைகளால் மறைக்கப்பட்டு, காதலனை நாடும் யுவதியைப் போல் கடலை நோக்கிச் செல்கிறாள் என்றும் கூறுகிறான். காளிதாச மகாகவியோ, ரகுவின் திக்விஜயத்தில், இவ்வாறு கடலோடு கலக்கும் இடத்தில் விளைந்த முத்துக்களைப் பாண்டியர் திறையாக அளித்தனர் என்று பாடினார். மலையில் சந்தனம், முகத்துவாரத்தில் முத்து. இடையிலுள்ள நிலத்திற்கு நெல்லும் வாழையும்.

பொதிகையில் பிறந்து, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேரும் வரை இவ்வாற்றின் நீளம் சுமார் 128 கி.மீ. மட்டுமே. பிறந்த மாவட்டத்து எல்லைக்குள்ளேயே பெரும்பாலும் ஓடி முடிந்துவிடும் சிறிய ஆறு. ஆயினும் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் ஏற்றுக்கொள்வதால் இதனை வற்றாத ஜீவநதி என்பர். சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, குற்றாலத்திலிருந்து வரும் சிற்றாறு ஆகியன வழியில் வந்து கலக்கின்றன. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இதன் நீரைப் பகிர்ந்தளிக்கின்றன. அவற்றுள் ஏழு பழைமையானவை, கடைசியான ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்டது. திருநெல்வேலி, தூத்துக்குடி ஆகிய இரு மாநகரங்களுக்கும் குடிநீர் இதுவே.

வைணவர்க்கு இவ்வாற்றின்பால் உள்ள உரிமை இவற்றினும் பெரிது. ஸ்ரீமத் பாகவதம் பதினோராம் ஸ்கந்தத்தில், கரபாஜனர் என்னும் யோகி நிமிச் சக்கரவர்த்திக்கு யுக தருமங்களை உபதேசிக்கையில், கலியில் நாராயணனையே பற்றிய அடியார்கள் தோன்றுவார்கள், திராவிட தேசத்தில் மிகுதியாகத் தோன்றுவார்கள் என்று கூறி, அத்தேசத்து நதிகளை வரிசைப்படுத்துகிறார். தாமிரபரணி, கிருதமாலையாகிய வையை, பயஸ்வினியாகிய பாலாறு, காவேரி, மேற்கு நோக்கி ஓடும் மகாநதி என்பது அவ்வரிசை. முதலில் நிற்பது தாமிரபரணி. நம்மாழ்வாரும் மதுரகவிகளும் அவதரித்தது இதன் கரையில். பெரியாழ்வாரும் ஆண்டாளும் வையை நாட்டில். முதலாழ்வார்களும் திருமழிசைப்பிரானும் பாலாற்று நாட்டில். தொண்டரடிப்பொடியாழ்வாரும் திருப்பாணாழ்வாரும் திருமங்கை மன்னனும் காவேரி நாட்டில். மகாநதி பெரியாறாதலால் குலசேகரப் பெருமாள் அதன் நாட்டவர் என்று பெரியோர் பொருத்திக் காட்டுவர்.

இங்கே கூர்ந்து நோக்க வேண்டிய ஒரு சொல் உண்டு. அந்நதிகளில் முழுகியவர் என்று முனிவர் சொல்லவில்லை. அவற்றின் நீரைப் பருகுபவர் பெரும்பாலும் மாசற்ற நெஞ்சினராய் வாசுதேவனிடம் பக்தி உடையவர் ஆவர் என்பதே அவர் வாக்கு. பருகுதற்கு உரியதாக ஆறு இருக்க வேண்டும் என்பது அவ்வாக்கினுள் அடங்கிய பொருள். இதனைப் பின்வரும் செய்தியால் அறியலாம்.

சென்னையில் உத்தியோகம் பார்க்கும் ஓர் அன்பர் மனைவி மக்களுடன் காரில் இப்பக்கம் புறப்பட்டார். அவருடைய தாயார் தென்திருப்பேரையில் பிறந்து வளர்ந்தவர். எண்பது வயதைக் கடந்து, மூன்றாம் மாடியிலுள்ள வீட்டை விட்டு இறங்க இயலாதவர். புறப்படும்போது அவ்வம்மையார் ஒரு தாமிரச் சொம்பைப் பேரனிடம் கொடுத்து, “எனக்கு வேறொன்றும் வேண்டாம், ஆற்றுத் தீர்த்தம் கொண்டு வா, அது போதும்” என்றார். சுமார் 620 கி.மீ. கடந்து திருநெல்வேலி சேர்ந்து, மறுநாள் விடியலில் அங்கிருந்து மேற்கே சுமார் ஐம்பது கி.மீ. தொலைவிலுள்ள பாபநாசம் சென்றனர். படித்துறையில் நல்ல கூட்டம். சிறுவன் சொம்புடன் முதலில் இறங்கினான். காலில் ஏதோ சுற்றிக்கொண்டது. எடுத்துப் பார்த்தால் ஒரு பழஞ்சேலை. பிறகு ஒரு வேட்டி, பிறகு ஒரு சிறு குழந்தையின் சட்டை. படியோரமெங்கும் பாறை இடுக்குகளில் துணிகள் கிடந்தன. சோப்பு நுரையும் மிதந்தது. சிறுவன் சொம்பைக் கவிழ்த்துப் பிடித்தபடி கரையேறி, “அப்பா, பாட்டி குடிக்கப் போகும் தீர்த்தம் இதுவா?” என்று கேட்டான். தந்தை விடை கூறவில்லை. அவர் கையிலும் ஒரு பழைய வேட்டி இருந்தது. உடுத்த துணியை ஆற்றில் விட்டால் பீடை கழியும் என்று யாரோ ஜோதிடர் சொல்லியனுப்பியிருந்தார்.

இவ்வழக்கத்திற்குச் சாஸ்திரத்தில் இடம் உண்டா என்று பார்த்தால், நேர்மாறான விதியே காணப்படுகிறது. கங்கையில் செய்யத்தகாத செயல்கள் என்று புராண வசனங்களைக் கொண்டு தர்ம நிபந்தங்கள் எண்ணிக் காட்டும் இடத்தில், உடல் அழுக்கைத் தேய்த்தல், நிர்மாலியத்தை எறிதல் முதலியவற்றோடு வஸ்திர தியாகம், அதாவது துணியை விட்டுச் செல்லுதல், வெளிப்படையாகவே விலக்கப்பட்டுள்ளது. மநு ஸ்மிருதி நான்காம் அத்தியாயம் நீரில் எச்சில் உமிழ்வதைக் கூட விலக்குகிறது. மலமூத்திரம் கலத்தலைப் பற்றிச் சொல்ல வேண்டுவதே இல்லை. பீடை தீரும் என்று எண்ணிச் செய்வது புதியதொரு பாபத்தைத் தேடிக்கொள்வதாக முடிகிறது. பாபநாசம் என்னும் பெயருடைய துறையில் இது நிகழ்வது இரங்கத்தக்கது.

ஸ்நானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நித்தியம், நைமித்திகம், காம்யம், கிரியாங்கம், மலாபகர்ஷணம், கிரியா ஸ்நானம் என ஸ்நானத்தை ஆறாகப் பிரிப்பர். எண்ணெய் தேய்த்து அழுக்கு நீக்கும் மலாபகர்ஷணம் வேறு, தீர்த்தத்தில் ஆடுதல் வேறு. முன்னதைத் தங்குமிடத்திலேயே முடித்துக்கொண்டு, தூய உடலுடன் ஆற்றில் இறங்கி, ஆசமனம் செய்து, ஸங்கல்பித்து, நீரோட்டத்தை எதிர்நோக்கி மூழ்க வேண்டும் என்பது முறை. குற்றாலத்தில் உடல் முழுதும் எண்ணெய் பூசிக்கொண்டு அருவியின் கீழ் நிற்பதைச் சிலர் ஒரு சடங்கு போலவே நடத்துகிறார்கள். அங்கே எண்ணெய்க்கும் சோப்புக்கும் ஷாம்புவுக்கும் தடை உண்டு. அதிகாரிகள் விதித்ததைத்தான் ரிஷிகளும் முன்பே விதித்துள்ளார்கள் என்று அறிந்தால் தடையின்மீது கோபம் வாராது.

ஆழத்தையும் வேகத்தையும் அஞ்சுதல் வேண்டும். புனிதமான ஆறு ஆபத்தற்ற ஆறு என்று வால்மீகியே கருதவில்லை; முதலைகளைச் சொல்லித்தான் ஆற்றைச் சொன்னார். 2024 மே மாதம் 17ஆம் நாள் பழைய குற்றால அருவியில் எதிர்பாராது பாய்ந்த வெள்ளம் ஒரு சிறுவனை வாரிச் சென்றது. அடிவாரத்தில் வெயில் காய்ந்தாலும் மலையுச்சியில் மழை பெய்திருக்கக்கூடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பொழிந்தபோது, பொருநை கரைகடந்து ஸ்ரீவைகுண்டம் பகுதியெங்கும் வெள்ளக்காடாயிற்று. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயிலின் பயணிகள் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நூற்றுக்கணக்கில் அகப்பட்டுக்கொண்டனர். காவலர் இறங்காதே என்றால் இறங்காதிருப்பதும் ஒரு நியமமே. கைகளும் கால்களும் மனமும் எவனுக்கு அடங்கியிருக்கின்றனவோ அவனே தீர்த்த பலனை அடைகிறான் என்று வனபர்வம் கூறுவதில், கால்கள் என்பதற்கு இப்பொருளும் கொள்ளத்தக்கதே.

அக்குடும்பத்தார் பின்பு என் செய்தனர் எனில், துறையிலிருந்து மேலேறி, வனத்துறையின் சாவடியைக் கடந்து அகஸ்தியர் அருவிக்குச் சென்றனர். அவ்வனம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. பிளாஸ்டிக் பொருள்களைச் சாவடியிலேயே சோதித்து வாங்கிவிடுவர். அருவியில் நீர் தெளிந்து விழுந்தது. சிறுவன் தானே சொம்பை நிரப்பினான். தந்தை தம் கையிலிருந்த வேட்டியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஊருக்குப் போய் எவருக்கேனும் துவைத்துக் கொடுக்கலாம் என்று அவர் மனைவி சொன்னாராம்.

மறுநாள் ஆற்றின் கீழ்ப்பகுதியில் நவதிருப்பதி சேவித்தனர். ஒரே நாளில் ஒன்பதையும் சேவிக்க எண்ணுவோர் விடியலில் தொடங்க வேண்டும். நடுப்பகலில் நடை சாத்தப்படும். ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற திருக்கோலம், வரகுணமங்கையாகிய நத்தத்தில் வீற்றிருந்த திருக்கோலம், திருப்புளிங்குடியில் கிடந்த திருக்கோலம். இம்மூன்றையும் நம்மாழ்வார் ஒரே பாசுரத்தில் சேர்த்து அநுபவித்தார். இவை மூன்றும், பெருங்குளமும், இரட்டைத் திருப்பதியும் வடகரையில் உள்ளன. தென்கரையில் தென்திருப்பேரை, மதுரகவிகள் அவதரித்த திருக்கோளூர், ஆழ்வார்திருநகரி. தென்திருப்பேரையில் மகரநெடுங்குழைக்காதரைச் சேவித்தபோது, பாட்டி சிறுமியாய் விளையாடிய பிராகாரம் இதுதான் என்று தந்தை மக்களுக்குக் காட்டினார். குழந்தைகள் அங்கே ஓடிப் பார்த்தனர்.

ஆழ்வார்திருநகரியில் பதினாறாண்டு ஆழ்வார் யோகத்தில் வீற்றிருந்த புளியமரத்தின் அடியில் அர்ச்சகர் ஒரு செய்தி சொன்னார். ஆழ்வாரை அர்ச்சையாக எழுந்தருளப் பண்ண விரும்பிய மதுரகவிகள், அவர் கட்டளைப்படி தாமிரபரணி நீரைக் காய்ச்ச, முதலில் கூப்பிய கரங்களுடன் ஒரு திருமேனி தோன்றிற்று. அது பின்னே அவதரிக்கப்போகும் ஆசாரியரான எம்பெருமானாரின் திருமேனி என்று ஆழ்வார் அருளினார். மீண்டும் காய்ச்ச ஆழ்வார் திருமேனி கிடைத்தது என்பது குருபரம்பரைச் செய்தி. சிறுவன் இதனைக் கேட்டுக்கொண்டு சொம்பை இறுகப் பிடித்திருந்தான். “நம் சொம்பிலும் யாரேனும் இருப்பார்களோ, தாத்தா?” என்று அர்ச்சகரைக் கேட்டதற்கு, “நீ கொண்டுபோய்ச் சேர்த்தால் தெரியும், குழந்தாய்” என்று அவர் சிரித்தார்.

வையைக் கரையில் தருப்பணம் செய்துகொண்டிருந்த சத்தியவிரத மன்னன், அஞ்சலி நீரில் வந்த சிறு மீனைத் திரும்ப ஆற்றில் விட முயன்றான். பெரிய மீன்கள் விழுங்கிவிடும், விடாதே என்று அம்மீன் வேண்டியதும் அதனைக் கலசத்தில் வைத்துக் காத்தான். அதுவே மத்ஸ்யாவதாரம் என்று பாகவதத்து எட்டாம் ஸ்கந்தம் விரிக்கிறது. ஆற்று நீரில் எவன் வருவான் என்பதை அள்ளுகிறவன் அறியான்.

2018 அக்டோபரில் குரு பகவான் விருச்சிக ராசியில் பிரவேசித்தபோது தாமிரபரணி புஷ்கரம் என்று லட்சக்கணக்கானோர் இக்கரைகளில் நீராடினர். அதன் பின்னும் நகரக் கழிவுநீர் ஆற்றில் கலப்பது நின்றபாடில்லை. வருபவர் விட்டுச் செல்வதை வருபவர் நிறுத்தலாம். கரையிலுள்ளோர் விடுவதைக் கரையிலுள்ளோர்தாம் நிறுத்த வேண்டும். உற்சவத்திற்கு வந்திருக்கும் அன்பர்களுள் இரு திறத்தாரும் உள்ளனர்.

அவ்வன்பர் சென்னை திரும்பியது நள்ளிரவுக்கு மேல். தாயார் உறங்காமல் காத்திருந்தார். விளக்கேற்றச் சொல்லி, எழுந்து அமர்ந்து, கை கால் சுத்தி செய்துகொண்டு, சொம்பிலிருந்து வலக்கையில் சிறிது வார்க்கச் செய்து, அச்சுதன், அனந்தன், கோவிந்தன் என்று மும்முறை ஆசமனம் செய்தார். எந்தத் துறையில் எடுத்தது என்று அவர் கேட்க, பேரன் நடந்ததை மறைக்காமல் கூறினான்.