வகுப்பறைச் செய்தி வீட்டுக்கு

கேள்வி: புனா நகரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை நான். வகுப்பில் நடப்பதைப் பெற்றோருக்குத் தெரிவிப்பது கடமையா, உபகாரமா? – ஒரு வாசகி, கட்கி

பதில்: கடமைதான், அம்மணி. குழந்தையின் வருகை, கற்கும் திறன், கல்வியில் அடைந்த அபிவிருத்தி முதலியவற்றைப் பெற்றோரை அடிக்கடி கூட்டி அறிவிக்க வேண்டுமென்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 24-ஆம் பிரிவில் விதித்திருக்கிறது. ஆயினும், எதை அறிவிப்பது என்பதற்குத் தங்கள் ஊரின் சரித்திரமே நல்ல திருஷ்டாந்தம்: 1848-இல் பிடே வாடாவில் பெண்கள் பள்ளி தொடங்கிய ஜோதிராவ், சாவித்திரிபாய் புலே தம்பதிகளிடம் பயின்ற முக்தா சால்வே என்னும் சிறுமி, மாங், மகார் என்னும் ஒடுக்கப்பட்ட சாதி ஜனங்களின் துயரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 1855-இல் ‘ஞானோதயா’ பத்திரிகையில் அச்சேறியது. எந்த மதிப்பெண் பட்டியல் அவ்வளவு சொல்லும்? ஆகவே குழந்தை எழுதிய பக்கத்தை, அடித்தல் திருத்தலோடு அப்படியே வீட்டுக்கு அனுப்புங்கள். மராத்தி வாசிக்கத் தெரியாத தாய்க்கு (நம்மவர் அங்கே அநேகர்) பள்ளி வாசலிலேயே அதைப் படித்துக் காட்டுங்கள்.