ஆங்கில ஒப்பீட்டுப் பெயரடைத் தொடரும் தமிழின் உறழ்பொரு அமைப்பும்

முன்னுரை

தமிழியல் ஆய்விதழ்கள் பலவும் கட்டுரையுடன் ஆங்கில ஆய்வுச்சுருக்கத்தை வேண்டுகின்றன. தமிழ் அறியாத அறிஞர் நம் ஆய்வை அறிவது அச்சில வரிகளின் வழியே ஆகும். அவற்றில் ஒப்பீட்டுத் தொடர் பிழைபட்டால் ஆய்வின் முடிபே பிறழ்ந்து பொருள்படும். இத்தகைய பிழைகளுக்கும் தமிழின் வேற்றுமை அமைப்புக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒப்பீட்டுக் குறி நிற்கும் இடம்

ஒன்றனை மற்றொன்றினும் மிகுத்துக் கூறுவதைத் தொல்காப்பிய உரையாசிரியர்கள் உறழ்பொரு என்பர். அதனை ஐந்தாம் வேற்றுமைப் பொருளுள் அடக்குவர். 'நன்னூலின் பழைது தொல்காப்பியம்' என்பது அவ்வமைப்பு. இக்காலத் தமிழில் 'நன்னூலைவிடத் தொல்காப்பியம் பழையது' என எழுதுகிறோம். இரண்டிலும் ஒப்பீட்டுக் குறி 'நன்னூல்' என்னும் பெயரையே சார்கிறது; பண்புச்சொல் ஒப்பீட்டிற்கென வடிவம் மாறுவதில்லை.

ஆங்கிலத்தில் பண்புச்சொல்லும் குறி ஏற்கிறது. 'ஓல்ட்' என்பது 'ஓல்டர்' ஆகும். 'டிஃபிகல்ட்' போன்ற நெடிய சொல் 'மோர்' என்பதை முன்னே பெறும். ஒப்பிடப்படும் பெயருக்கு முன் 'தன்' வரும். தமிழ் அமைப்பை மனத்திற்கொண்டு எழுதுவோர் 'ஓல்ட் தன்' எனக் குறியை விடுவதும், அதனைத் தவிர்க்க முயன்று 'மோர் ஓல்டர்' என இருமுறை இடுவதும் இவ்வேறுபாட்டால் நேர்வன.

சொல்வரிசையும் பொருளும்

'சீவகசிந்தாமணியைவிடப் பழைய இலக்கண நூல்' என்னும் தொடரில் அடை முழுவதும் பெயருக்கு முன் நிற்கிறது. ஆங்கிலத்தில் 'தன்' தொடங்கும் பகுதி பெயருக்குப் பின்னரே வரவேண்டும். இங்கு இருவகை அமைப்புகள் உள. 'அன் ஓல்டர் கிராமர் தன் சீவகசிந்தாமணி' என்று எழுதினால் சீவகசிந்தாமணியும் ஓர் இலக்கண நூல் என்னும் பொருள் தோன்றும். 'எ கிராமர் ஓல்டர் தன் சீவகசிந்தாமணி' என்பதில் அக்குற்றம் இல்லை. ஒப்பிடப்படும் இரண்டும் ஓரினமாயின் முதல் அமைப்பும் பொருந்தும். வேற்றினமாயின் இரண்டாவதே பொருந்தும். தமிழ்த் தொடர் இவ்விரு நிலைக்கும் பொதுவாதலின், எழுதுவோர் இவ்வேறுபாட்டைக் காணத் தவறக்கூடும்.

ஒப்பிடப்படும் பொருள்கள்

'நன்னூலின் நூற்பாக்கள் தொல்காப்பியத்தைவிடக் குறைவு' என்று தமிழில் எழுதினால் 'தொல்காப்பிய நூற்பாக்களைவிட' என வருவித்துப் பொருள் கொள்கிறோம். ஆங்கிலக் கட்டுரை நடை இவ்வெச்சத்தை ஏற்பதில்லை. 'ஃபியூவர் தன் தொல்காப்பியம்' என்பது நூற்பாக்களை நூலோடு ஒப்பிடுவதாகும். 'ஃபியூவர் தன் தோஸ் ஆஃப் தொல்காப்பியம்' என்பதே திருந்திய வடிவம்.

முடிவுரை

தமிழ் ஒப்பீட்டைப் பெயரின்மேல் ஏற்றுகிறது. ஆங்கிலம் பண்புச்சொல்லிலும் 'தன்' என்னும் இணைப்பிலும் அதனைப் பகிர்ந்து வைக்கிறது. ஆதலின் ஆய்வுச்சுருக்கம் எழுதுவோர் பண்புச்சொல்லின் வடிவம், 'தன்' பகுதியின் இடம், ஒப்பிடப்படுவனவற்றின் இனம் ஆகிய மூன்றையும் சரிபார்த்தல் வேண்டும். வேற்றுமை இலக்கணம் பயின்றோர்க்கு இவ்வேறுபாட்டை உணர்தல் எளிது. ஆங்கிலப் பயிற்சியை உறழ்பொருவிலிருந்து தொடங்குவது தமிழ்த்துறை மாணவர்க்குப் பயன் தரும்.