வீட்டிலேயே பாட்டு ரிக்கார்டிங்: உங்கள் சவுண்டு கார்டே போதும்

கம்ப்யூட்டர் வந்த வீட்டில் முதல் நாளே பாட்டு ஓட ஆரம்பித்துவிடும். அதனால் சவுண்டு கார்டு என்றாலே பாட்டுக் கேட்பதற்கான சமாச்சாரம் என்று பலரும் நினைத்துக் கொள்கிறார்கள். அதே கார்டு ஒலியை உள்ளேயும் வாங்கும். பாடத் தெரிந்தவர்கள், கீபோர்டு வாசிப்பவர்கள், பாட்டியின் தாலாட்டைப் பதிந்து வைக்க ஆசைப்படுபவர்கள் என எல்லோருக்கும் அது போதும். புதிதாக எதையும் வாங்கும் முன்பு, இருப்பதை வைத்துக் கொண்டு என்ன செய்யலாம் என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

சிங்கப்பூரைச் சேர்ந்த கிரியேட்டிவ் நிறுவனம் 1989-ல் சவுண்ட் பிளாஸ்டர் கார்டை வெளியிட்ட காலத்தில், அதைத் தனியாக வாங்கி மதர்போர்டில் செருக வேண்டும். இன்று பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் அது மதர்போர்டிலேயே ஒரு சிப்பாக அமர்ந்திருக்கிறது. பெயர் மட்டும் கார்டு என்றே நிலைத்துவிட்டது.

எந்த வயர் எந்த சாக்கெட்டில்?

டெஸ்க்டாப்பின் பின்பக்கம் பாருங்கள். பச்சை சாக்கெட் ஸ்பீக்கருக்கு, பிங்க் மைக்கிற்கு, வெளிர் நீலம் லைன்-இன். மைக்கில் இருந்து வரும் மின்சாரம் சில மில்லி வோல்ட்தான். எனவே பிங்க் சாக்கெட் அதைப் பல மடங்கு பெருக்கிக் கொள்ளும். கீபோர்டு, டேப்ரிக்கார்டர் போன்றவற்றில் இருந்து வருவதோ ஏறத்தாழ ஒரு வோல்ட். இதைப் பிங்க்கில் செருகினால் கரகரவென்று கேட்கும். மைக்கை நீலத்தில் செருகினால் எதுவுமே கேட்காது. எனக்குத் தெரிந்த ஒருவரிடம், கீபோர்டு சத்தம் கரகரக்கிறது என்று போனதற்கு, கார்டு போய்விட்டது, புதிது போடுங்கள் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். வயரைப் பிங்க்கில் இருந்து நீலத்திற்கு மாற்றினோம். அவ்வளவுதான், செலவில்லாமல் சரியாகிவிட்டது.

லேப்டாப்பில் பெரும்பாலும் ஒரே ஒரு சாக்கெட்தான் இருக்கும். மொபைலுடன் பயன்படுத்தும் ஹெட்செட்டின் பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த வகை பின்தான் இதற்குப் பொருந்தும். இரண்டு வளையம் உள்ள சாதாரண மைக் என்றால் இடையில் ஒரு ஸ்பிளிட்டர் வேண்டும். யு.எஸ்.பி. மைக் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. அதற்குள்ளேயே ஒரு குட்டி சவுண்டு கார்டு இருக்கிறது.

எண்களாக மாறும் குரல்

சவுண்டு கார்டு செய்வது அளவெடுக்கும் வேலை. மைக்கில் இருந்து வரும் மின் அலையை ஒரு செகண்டுக்கு 44,100 முறை அளந்து எண்களாக்குகிறது. நம் காதுக்குக் கேட்பது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். அதைப் போல் இரு மடங்குக்குச் சற்று மேல் அளந்தால் ஒலி முழுமையாகக் கிடைத்துவிடும். ஒவ்வொரு அளவும் 16 பிட், அதாவது 65,536 படிகளில் ஒன்று. இது சி.டி.யின் தரம். ஒரு மைக்கில் மோனோவாகப் பதிந்தால் நிமிடத்துக்கு 5 எம்.பி. இடம் பிடிக்கும். இன்றைய ஹார்ட் டிஸ்க்கில் இது ஒரு பொருட்டே இல்லை. இடம் மிச்சம் பிடிக்கத் தரத்தைக் குறைக்காதீர்கள்.

சாப்ட்வேருக்கு ஆடாசிட்டி போதும். 2000-ம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் இணையதளத்தில் இருந்தே டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். திறந்தவுடன் ரேட் 44,100, சேனல் மோனோ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது மிக முக்கியமான ஒரு செட்டிங். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்டு என்று சென்று உங்கள் மைக்கைக் கிளிக் செய்யுங்கள். ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்ற இடத்தில் ஆப் கொடுத்துவிடுங்கள். இது இன்டர்நெட்டில் பேசுவதற்காக வைத்த வசதி. மாறாமல் ஒரே சீராக வரும் ஒலியை ஃபேன் சத்தம் என்று எண்ணி அழித்துவிடும். சுருதிப் பெட்டியின் ஒலியும் அப்படிச் சீராக வருவதுதானே! சுருதி வைத்துப் பாடிய பாட்டில் நான்கைந்து செகண்டுக்குள் சுருதி மங்கிப் போய், குரலும் விட்டு விட்டுக் கேட்டால், கார்டைச் சந்தேகப்படும் முன்பு இதைப் பாருங்கள். புரோகிராம் எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன், நம்மைக் கேட்காமல் உதவி செய்யும் சாப்ட்வேரிடம்தான் அதிகக் கவனம் தேவை.

ஒரே ஒரு முறைதான் பாடுவார்கள்

என் அப்பத்தாவுக்கு நடவுப் பாட்டுகள் நிறையத் தெரியும். எண்பது வயதைத் தாண்டியவர். மூச்சு வாங்கும். இன்னொரு முறை பாடுங்கள் என்று கேட்க முடியாது, கேட்டாலும் அதே வரிகள் வராது. இப்படிப்பட்ட பாட்டை வீணாக்குவது கிளிப்பிங். அளவு மானியில் பூஜ்யம் டெசிபல்தான் கூரை. குரல் அதைத் தொட்டால் அலையின் தலை வெட்டப்பட்டுவிடும். வெட்டுப்பட்டதை எந்த சாப்ட்வேராலும் முன்பிருந்தது போலவே திருப்பித் தர முடியாது. குறைவாகப் பதிந்ததைப் பிறகு எளிதாகக் கூட்டிக் கொள்ளலாம். எனவே பாட்டின் உச்ச வரியை முதலில் பாடச் சொல்லி, மானி -12 அளவில் நிற்கும்படி வையுங்கள். அப்பத்தா முதல் வரியை முணுமுணுத்துவிட்டு மூன்றாவது வரியில் வயலுக்கே கேட்கும்படி குரல் எடுத்தார். மானி -4 வரை போய் வந்தது. இடம் விட்டு வைத்ததால் பாட்டு தப்பியது.

மைக் வாயில் இருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே வைத்தால் ப வரும் இடங்களில் காற்று மோதும். ஃபேனை நிறுத்துங்கள், பிரிட்ஜையும்தான். (பிரிட்ஜை மறுபடி போட மறக்க வேண்டாம்!) வெறும் சுவர் எதிரொலிக்கும். கொடி கட்டிப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டால் அறையின் ஒலி ஓரளவு அடங்கிவிடும். கையில் பணம் இருந்தால் முதலில் நல்ல மைக், அடுத்து நல்ல ஹெட்போன், அதற்கும் பிறகுதான் புதிய கார்டு என்பது என் கருத்து.

ஒன்றின் மேல் ஒன்று

சுருதியையோ கீபோர்டையோ ஒரு டிராக்கில் பதிந்துவிட்டு, அதை ஹெட்போனில் கேட்டுக் கொண்டே அடுத்த டிராக்கில் பாடலாம். ஸ்பீக்கரில் கேட்டால் அதுவும் மைக்குக்குள் போய்விடும். இங்கே தலைகாட்டும் சிக்கல்தான் லேட்டன்சி எனப்படும் தாமதம். ஒலி கம்ப்யூட்டருக்குள் போய் வர நேரம் பிடிப்பதால் குரல் தாளத்துக்குப் பின்தங்கி விழும். ஹெட்போனை மைக்கோடு ஒட்டி வைத்து, ஒரு தாள டிராக்கை ஓடவிட்டுப் பதியுங்கள். இரண்டு டிராக்குக்கும் உள்ள இடைவெளியை அளந்து, பிரிபரன்சஸில் லேட்டன்சி காம்பன்சேஷன் என்ற கட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் எண்ணை அதற்கேற்பச் சரிசெய்தால் அடுத்த முறை முதல் தானாகச் சேர்ந்துவிடும்.

மிடி கீபோர்டு இணைத்துக் கம்ப்யூட்டரின் வாத்தியங்களை வாசிக்கும்போது இந்த வித்தை பலிக்காது. கட்டையை அழுத்தியதும் ஒலி வர வேண்டும். ஒலி காற்றில் 10 மில்லி செகண்டில் சுமார் 3.4 மீட்டர் போகும். அந்த அளவு தாமதம் என்பது அறையின் மறுகோடியில் ஸ்பீக்கர் இருப்பது போல. அதைச் சமாளிக்கலாம், 100 என்றால் வாசிக்கவே முடியாது. ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1997-ல் கொண்டு வந்த ஆசியோ வகை டிரைவர் இருந்தால் தாமதம் வெகுவாகக் குறையும். தனி ஆடியோ கார்டுக்குச் செலவு செய்வதில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான்.

மிடியில் போவது ஒலி அல்ல. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக என்ற எண்கள் மட்டுமே. அதனால் தவறான ஸ்வரத்தைப் பிறகு மவுசால் திருத்தலாம். 1991-ல் வகுத்த ஜெனரல் மிடி பட்டியலில் 128 ஒலிகள் உண்டு. சித்தார் இருக்கிறது, ஷெனாய் இருக்கிறது, வீணை இல்லை. கமகத்துக்குக் கீபோர்டின் பிட்ச் பென்ட் சக்கரத்தை உருட்டிப் பழக வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலை இது.

பதியும்போது சுருதியும் பாட்டும் தொடங்கும் முன்பு ஐந்து செகண்டு யாரும் பேசாமல் ஓட விடுங்கள். பிறகு அந்த வெறும் பகுதியை மட்டும் செலக்ட் செய்து நாய்ஸ் ரிடக்ஷனில் மாதிரியாகக் கொடுத்தால், அறையின் இரைச்சல் மட்டும் குறையும், சுருதி அப்படியே இருக்கும். ஒரிஜினலை வேவ் பைலாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். மற்றவர்களுக்கு அனுப்ப மட்டும் எம்பி3. 128 கே.பி.பி.எஸ். என்றால் நிமிடத்துக்கு ஒரு எம்.பி. ஆகும், ஆனால் அழுத்தும்போது போனது திரும்பி வராது. பைலுக்கு 'பாட்டு1' என்று பெயர் வைக்காமல், பாடியவர், ஊர், தேதி, பாட்டின் முதல் இரண்டு சொற்கள் ஆகியவற்றைப் பெயரிலேயே சேர்த்து, பென் டிரைவிலும் ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.