உப்பு அஞ்சு நிமிசத்துலயா விளையுது?

முள்ளக்காட்டு உப்பளம் ஒன்றில் நான் நட்ட முதல் கருவி ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாண்டவில்லை. ஆறடிக் கம்பம், உச்சியில் 10 வாட் சோலார் பேனல், பெட்டிக்குள் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி, சிம் போட்ட மோடம். பாத்தியில் நீர் எவ்வளவு நிற்கிறது, போர் மோட்டார் ஓடுகிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வருக்குச் சொல்லும். தூத்துக்குடி வெயிலில் கரண்டுக்கு என்ன கவலை என்று இருந்துவிட்டேன்.

2023 டிசம்பர் 17, 18-இல் அந்த நினைப்பு கரைந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. மாவட்டமே வெள்ளக்காடு, மின்சாரமும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. கம்பத்துப் பெட்டி நனையவில்லை. ஆனால் இல்லாத டவரைத் தேடித் தேடியே மோடம் பேட்டரியைக் குடித்துத் தீர்த்திருந்தது. சிக்னல் திரும்பியபோது கருவிக்குப் பேசத் தெம்பில்லை.

“பெரிய பேனலா மாட்டிரலாமா அண்ணாச்சி?” என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டேன்.

“அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா என்னத்தத் தம்பி சொல்லுது அது? உப்பு அஞ்சு நிமிசத்துலயா விளையுது?”

சரியான கேள்வி. உப்புநீரின் அடர்த்தி 25 டிகிரி போமேயை நெருங்கினால்தான் உப்பு படியத் தொடங்கும். அதற்கு நாள்கணக்கில் காய வேண்டும். அண்ணாச்சி கணக்குப் பார்ப்பதோ விடியுமுன் ஒரு தடவை. யாருக்கு, எப்போது தெரிய வேண்டும் என்று கேட்காமலே நான் கருவியைப் பேசவிட்டிருந்தேன். அதன்பின் கற்றுக்கொண்டவை இவை.

முதலில் அளந்து பாருங்கள். பேனல் வாங்குமுன் மல்ட்டிமீட்டரை எடுங்கள். என் கருவி சராசரியாக 80 மில்லி ஆம்பியர் இழுத்தது, நாளுக்கு 1.9 ஆம்பியர்-மணி. லெட்-ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்குமேல் காலிசெய்தால் சீக்கிரம் கெடும். ஆக, செலவழிக்கக் கையில் இருப்பது 3.5 ஆம்பியர்-மணிதான். வெயில் இல்லாமல் இரண்டு நாள்கூட ஓடாது.

அளப்பது மலிவு, பேசுவதுதான் செலவு. இப்போது 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து மெமரியில் எழுதி வைக்கிறது. நாளுக்கு நான்கு முறை மொத்தமாக அனுப்புகிறது. மோட்டார் நின்றால் மட்டும் உடனே விழித்துச் சொல்லும். ஒரு தடவைக்கு ஒரு நிமிடம், 150 மில்லி ஆம்பியர் என்றால் நாளுக்கு 10 மில்லி ஆம்பியர்-மணியோடு முடிந்தது.

தூங்கும்போது ஒழுகுவதைப் பாருங்கள். மோடத்தை அடக்கியதும் அதுவரை கண்ணில் படாத ஒழுக்கு தெரிந்தது. 7805 ரெகுலேட்டர் சும்மா இருக்கும்போதே சுமார் 5 மில்லி ஆம்பியர் தின்னும், நாளுக்கு 120 மில்லி ஆம்பியர்-மணி. பேசும் செலவைப் போலப் பன்னிரண்டு மடங்கு! அதை மாற்றி, போர்டில் வீணாக எரிந்த எல்இடியைப் பிடுங்கி, சென்சாருக்கு அளக்கும் நேரத்தில் மட்டும் கரண்ட் கொடுத்தேன். தூக்கச் செலவு 1 மில்லி ஆம்பியருக்கு இறங்கியது. எல்லாம் சேர்த்து நாளுக்கு 34 மில்லி ஆம்பியர்-மணி. கணக்குப்படி வெயிலே இல்லாமல் மூன்று மாதம்.

டவர் இல்லையென்றால் விட்டுவிடச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் தேடும். கிடைக்காவிட்டால் ஒரு மணி நேரம் கழித்து, பிறகு மூன்று, அப்புறம் ஆறு. பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் நாளுக்கு ஒரே முறை. சிக்னல் மெலிந்தால் மோடம் உரக்கக் கத்த வேண்டியிருக்கும். அதனால் ஆன்டெனாவைப் பெட்டிக்குள் வைக்காமல் கம்பத்து உச்சிக்கு ஏற்றினேன்.

பேனலை மழைக்காலத்துக்குச் சாயுங்கள். படுக்கையாக வைத்தது என் தவறு. டிசம்பர் நண்பகலில் இங்கே சூரியன் உச்சியிலிருந்து தெற்கே சுமார் 32 பாகை சரிந்திருக்கும். 25 பாகை தெற்கே சாய்த்தேன். கோடையில் கொஞ்சம் குறையும். அப்போது மிஞ்சித்தான் கிடக்கிறது. சரிவில் உப்புப் பூச்சும் காக்கை எச்சமும் மழையோடு வழிந்துவிடும். மற்ற மாதங்களில் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணி போதும்.

பேனல் அதே 10 வாட்தான். விடியுமுன் நாலு மணிக்கு அண்ணாச்சியின் போனில் ஒரு குறுஞ்செய்தி வந்து விழுகிறது. அவர் அளத்துக்குக் கிளம்பும் நேரம் அது.