மரம் வளர்ப்போரும் கரியமில வாயு வியாபாரமும்

மரங்கள் காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு, அதன் கரியைத் தண்டிலும் வேரிலும் சேமிக்கின்றன. அங்ஙனம் சேர்ந்த ஒவ்வொரு டன் வாயுவுக்கும் ஒரு பத்திரம் பெற்று, புகை கக்கும் ஆலைகளுக்கு விற்பதே ‘கார்பன் கிரெடிட்’ வியாபாரம். மீஞ்சூர்ப் பக்கம் பயிரிடுவோருக்கும் எண்ணூர்க் கழிமுகத்தை அண்டி வாழ்வோருக்கும் இது லாபந்தானா என்பதை நாம் ஆராய்வோம்.

அரியானாவின் சிர்சா மாவட்டத்தில், 8 கிராமங்களைச் சேர்ந்த 227 விவசாயிகள், மணல் பரவிய சுமார் 370 ஹெக்டேர் சொந்த நிலத்தில் மரம் வளர்க்கச் சங்கமாகச் சேர்ந்தனர். 2009-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் தூய வளர்ச்சித் திட்டத்தில் அது பதிவாயிற்று. ஆண்டுக்குச் சுமார் 11,600 டன் சேரும் என மதிப்பிட்டனர். தலைக்கு ஏறத்தாழ 51 டன். இச்சிறு சரக்குடன் தனியொருவர் சந்தைக்குப் போக இயலாது. அளவிடுவோருக்கும் தணிக்கையாளருக்கும் தரும் கட்டணமே அவரை விழுங்கிவிடும். ஆகவே சங்கமாகச் சேர்ந்தது சரியே.

ஆனால் சங்கத்தாலும் தீராத தொல்லை ஒன்றுண்டு. மரம் வெட்டப்படலாம், எரிந்தும் போகலாம் என்பதால், அத்திட்டத்தில் மரங்களுக்கு அளிக்கப்பட்ட பத்திரங்கள் காலாவதியாகும் தன்மையன. ஐரோப்பியச் சந்தை அவற்றை ஏற்கவேயில்லை. 2012-ஐ ஒட்டிப் பிற பத்திரங்களின் விலையும் வீழ்ந்தது. நெய்த சேலை விலைபோகாவிடில் அடுத்த பாவில் கரையை மாற்றலாம்; நட்ட மரத்தை என் செய்வது?

கழிமுகத்தார் கவனிக்கவேண்டியது கென்யாவின் காஸி விரிகுடா. அங்கு 117 ஹெக்டேர் அலையாத்திக் காட்டை, அரசின் வனத்துறையோடு ஒப்பந்தம் செய்துகொண்டு ஊரார் காக்கின்றனர். பத்திர விற்பனை 2013-இல் தொடங்கிற்று. வரும் பணம் ஆளுக்காள் பங்கிடப்படாமல் குடிநீருக்கும் பள்ளிக்கும் செலவாகிறது. தொகை பெரிதன்று, எனினும் குழாயில் வரும் நீர் கண்ணுக்குத் தெரிகிறதல்லவா!

எண்ணூர்க் கழிமுக நிலமும் எவருடைய தனிப் பட்டாவும் அன்று. அரசின் எழுத்து மூலமான உரிமையின்றி விற்க முன்வருவது பிறன் தறியிலுள்ள துணிக்கு விலைபேசுவதை ஒக்கும். மேலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், படகுகளையும் வலைகளையும் பாழ்படுத்தி, அலையாத்தி மரங்களிலும் படிந்தது. சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் வேர்களால் மூச்சுவிடும் மரங்கள் அவை. வேர் மூடினால் மரம் பட்டுப்போகும். அப்பொழுது மறுநடவுச் செலவு யாருடையது? விற்ற பத்திரத்திற்கு ஈடு கொடுப்பவர் யார்? தரகர் கொணரும் ஒப்பந்தத்தில் இவ்விரண்டுக்கும் விடை தமிழில் எழுதப்பட்டு, மகாசபையில் வாசிக்கப்பட்ட பின்னரே கையொப்பம் இடுதல் தகும்.