தோட்ட வாரியமும் பள்ளிக்கூடத்துச் சாம்பாரும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில் உள்ள முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்களைக் கேள்விப்படாதவர் நம் அங்கத்தினர்களில் இரார். கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை குடவோலை முறையை விளக்குகின்றன. ஆதலால் தேர்தல் காலந்தோறும் மேடைகளில் பேசப்படுகின்றன. ஆயினும் அவற்றிலுள்ள ஒரு சிறு செய்தி மேடையேறுவதில்லை. 30 குடும்புகளிலிருந்தும் ஓலை எடுத்துத் தெரிந்தவர்களுள் 12 பேர் சம்வத்சர வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் அமர்த்தப்பட்டனர். ஏரியைக் காப்பவரைப் போல் இருமடங்கு ஆட்கள் தோட்டத்திற்கு! அன்றியும், சம்வத்சர வாரியத்தில் அமர்வோர் முன்னர்த் தோட்ட வாரியமோ ஏரி வாரியமோ செய்தவராகவும், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவராகவும் இருக்க வேண்டுமென்பது விதி. பாத்தியைப் பார்த்துப் பழகியவரிடமே ஊர்ப் பெருங்காரியத்தை ஒப்படைத்தனர்.

அச்சபை நிலமுடைய, வேதங்கற்ற அந்தணர்களின் சபை. உழுதவருக்கும் நெய்தவருக்கும் அதில் ஓலை எழுதப்படவில்லை என்பதை மறைக்க வேண்டுவதில்லை. நாம் கைக்கொள்ளத் தக்கது அதன் ஒழுங்கே. அவ்வொழுங்கு மிகவும் வேண்டியிருக்கும் ஒரு காரியம் நம் ஊர்களில் உண்டு. அது பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுக்கு நம் தோட்டத்துக் காய்கறியை இலவசமாக அளித்தல்.

1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு தொடங்கிய பொழுது அது ஊராரின் நன்கொடையையே நம்பி நின்றது. பின்னர் 1957 நவம்பர் முதல் அரசாங்க மானியம் வந்தது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு எனக் கணக்கிட்டு ஆறு காசை அரசாங்கம் தந்தது, எஞ்சிய நாலு காசு ஊராருடைய பங்கு. பணமில்லாதவர் நெல்லாகவும் காயாகவும் விறகாகவும் கொடுத்தனர். 1982 ஜூலை முதல் தேதி தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் முழுச் செலவையும் அரசாங்கமே ஏற்றது. 2022 முதல் காலை உணவும் சேர்ந்துகொண்டது. அப்படியானால் நாம் கொடுக்க வேண்டுவது என்ன இருக்கிறது என்று சிலர் வினவலாம். அரிசியும் பருப்பும் எண்ணெயும் மையத்திற்கு வந்து இறங்குகின்றன. காய்கறிக்கோ பணந்தான் வருகிறது. தக்காளியும் வெங்காயமும் சந்தையில் விலையேறும் மாதத்தில் அப்பணத்திற்கு எவ்வளவு காய் கிடைக்கும் என்பதைக் குடும்பம் நடத்துவோருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. குழம்பு நீர்க்கும், அவ்வளவே. அதை உண்ணும் பிள்ளைகளில் பலர் நம் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள்.

இனிக் கணக்கிற்கு வருவோம். தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 50 கிராம், மேல் வகுப்பினருக்கு 75 கிராம் காய்கறி வேண்டும் என்பது வகுக்கப்பட்ட அளவு. நூறு பிள்ளைகள் உள்ள தொடக்கப் பள்ளிக்கு நாளொன்றுக்கு 5 கிலோ, வாரம் ஐந்து நாளைக்கு 25 கிலோ. நன்றாகப் பார்த்துக்கொண்ட ஒரு சென்ட் வெண்டையில் சுமார் 50 கிலோ காய் எடுக்கலாம். அது ஆறேழு வாரங்களில் பரவி வரும். ஆகவே வாரத்திற்கு ஏழெட்டுக் கிலோ. இவ்வாறு மூன்று அங்கத்தினர் ஆளுக்கு ஒரு சென்ட் ஒதுக்கினால் ஒரு பள்ளியின் தேவையை அநேகமாக ஈடுசெய்யலாம். மலைக்கத் தக்க தொகையன்று.

எனினும் இத்தகைய முயற்சிகள் பெரும்பாலும் ஒரு மாதத்தில் சோர்ந்து போவது ஏன்? மனமின்மையால் அன்று, முறையின்மையால். அரிசியைப் பானையில் பிடிபிடியாகச் சேர்த்து வைத்து என்றைக்கு வேண்டுமாயினும் கொடுக்கலாம். கீரை அப்படிக் காத்திராது. ஒரே நாளில் பதினைந்து வீட்டார் கத்தரிக்காயைக் கொண்டு கொட்டினால் சமையல் செய்யும் அம்மாள் என்ன செய்வார்? மறுநாள் ஒருவரும் வாரார். மிஞ்சியதைக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டால், எல்லோருக்கும் மிஞ்சும் நாளிலேதான் நமக்கும் மிஞ்சும்.

ஆகையால் விதைக்கும்பொழுதே தீர்மானிக்க வேண்டும். 1995-இல் அமெரிக்காவின் அலாஸ்கா மாகாணத்தில், ஆங்கரேஜ் நகரத்துப் பத்திரிகையில் தோட்டக்கலை எழுதிவந்த ஜெஃப் லோவன்ஃபெல்ஸ் என்பவர், பசித்தோருக்கு உணவிடும் ஒரு சமையற்கூடத்திற்காக வாசகர் ஒவ்வொருவரும் ஒரு வரிசை கூடுதலாக நடும்படி கேட்டார். அவ்வேண்டுகோள் பிற மாகாணங்களுக்கும் பரவிற்று. அதன் சூட்சுமம், மிச்சத்தைக் கேளாமல் வரிசையைக் கேட்டதில் இருக்கிறது. நட்ட நாளிலேயே அது பிறருடையது.

நம் பக்கத்திற்கு ஏற்ற முறை இது. ஆடிப் பட்டத்திலும் தைப் பட்டத்திலும் சங்கம் ஒரு பட்டியல் எழுத வேண்டும். எவர் எந்தப் பயிர், எந்தக் கிழமை என்பது அதில் இருக்கட்டும். முளைக்கீரை மூன்று வாரத்தில் பறிப்புக்கு வந்துவிடும். ஆகவே வாரத்திற்கு ஒரு பாத்தியாக முறைவைத்து விதைக்க வேண்டும். வெண்டை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கத் தக்கது. தவறினால் நாரேறி எவருக்கும் உதவாது. பூசணியும் பரங்கியும் நன்கு முற்றியிருந்தால் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். முறைக்காரர் வாராத நாளுக்கு அவற்றைக் கையிருப்பாக வைப்பது உசிதம். நிலமில்லாத நெசவாளர் இதில் சேர முடியாதென்று எண்ண வேண்டாம். தறிவீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை இருந்தாலே போதும். இலையைக் கொடுப்பவரும் காயைக் கொடுத்தவரே. பாவு ஓட்டும் நாளில் கையொழியாதவர் அண்டை வீட்டாரோடு கிழமையை மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். பூச்சிமருந்து தெளித்த பயிரில், குறித்த இடைவெளி நாட்கள் கழியுமுன் பறித்த காயை வாங்கவே கூடாது. பிள்ளைகளுக்கென்று தனியே விட்ட வரிசையில் மருந்தே தெளியாதிருப்பது நலம். மற்றொன்று, மைய அமைப்பாளரின் சம்மதமின்றி எதையும் கொண்டுபோய் வைக்கக் கூடாது. முதல்நாள் மாலையே மறுநாட் காயை அவருக்குத் தெரிவித்து, காலையில் உலை வைக்குமுன் எடைபோட்டுக் கொடுத்து, அவருடைய நோட்டிலும் சங்கத்து நோட்டிலும் எழுதிவிட வேண்டும்.

எழுதுவது வீண் வேலையென்று சிலர் சொல்வர். உத்திரமேரூர்ச் சபையார் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரை மாத்திரமன்று, அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலையிலிருந்து விலக்கி வைத்தனர். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். மாதக் கூட்டத்தில் நோட்டை வாசித்து, எந்தக் கிழமை காய் வரவில்லை என்று கேட்டால் போதும். அடுத்த பட்டியலில் அந்தக் கிழமைக்கு இரண்டு பெயர் எழுதிக்கொள்ளலாம்.